கடலில் ஒரு யூனிட் மின்சாரம்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் அரை மணி நேரம் நின்றால் போதும், தண்ணீர்மேல் மனிதர்கள் மின்சாரத்தை எத்தனை விதமாகக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்துவிடலாம். 2025 அக்டோபரில் இங்கே திறக்கப்பட்ட முனையத்துக்கு வரும் வாட்டர் மெட்ரோ படகு, குளிரூட்டிய கூடத்தில் பயணிகளை உட்காரவைத்து, பேட்டரியில் ஓடுகிறது. அதே கால்வாயில் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்பும் விசைப்படகுகள் டீசல் எஞ்சின் அதிரக் கடலுக்குப் போகின்றன. கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் பல, நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதி மீனவர்களுடையவை. வடக்கே போல்காட்டித் தீவிலுள்ள மரினாவில் நெடுந்தூரம் செல்லும் பாய்மரப் படகுகள் வந்து தங்குகின்றன. தெற்கே ஆலப்புழைக் காயலில், கட்டிலும் டிவியும் ஏசியும் வைத்த கெட்டுவள்ளங்கள் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றன.

இந்த நான்கு வகைப் படகுகளுக்கும் கேள்வி ஒன்றுதான். மின்கம்பம் இல்லாத இடத்தில் சமைக்கவும், மீனையும் காய்கறியையும் கெடாமல் வைக்கவும், விளக்கெரிக்கவும், மின்விசிறி சுற்றவும் எவ்வளவு மின்சாரம் வேண்டும்? அது எங்கிருந்து வரும்? நான்கும் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன. அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சாரத்தைப் பற்றி இத்தனை நாள் கவனிக்காத சில உண்மைகள் தெரியவருகின்றன.

ஒரு நாளின் தேவை

இரண்டு பேர் வசிக்கும், பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு பாய்மரப் படகை எடுத்துக்கொள்வோம். நங்கூரமிட்டு நிற்கும் ஒரு நாளில் அதற்கு என்ன தேவை?

உள்ளே ஐந்து எல்.ஈ.டி. விளக்குகள், ஒவ்வொன்றும் 3 வாட். மாலையில் நான்கு மணி நேரம் எரிந்தால் 60 வாட்-மணி. நங்கூரமிட்ட படகு எல்லாத் திசைக்கும் தெரியும்படி இரவு முழுக்க ஒரு வெள்ளை விளக்கு எரிக்க வேண்டும் என்பது கடல் விதி. அது 2 வாட், பன்னிரண்டு மணி நேரத்துக்கு 24 வாட்-மணி. சின்ன மின்விசிறிகள் இரண்டு, பத்து மணி நேரத்துக்கு 100. இரண்டு போன்களுக்கும் ஒரு மடிக்கணினிக்கும் சேர்த்து இன்னொரு 100. குழாயில் தண்ணீர் வரவைக்கும் சிறு பம்புக்கு 20கூட ஆகாது. இதுவரை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 300 வாட்-மணி.

மிச்சமிருப்பது ஒரே ஒரு சாதனம், குளிர்பதனப் பெட்டி. அதன் கம்ப்ரசர் ஓடும்போது 50 வாட் அளவுக்கு எடுக்கும். வெப்ப நாட்டில் நாளில் பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆக, 600 வாட்-மணி. மற்ற எல்லாவற்றுக்கும் ஆனதைப் போல இரண்டு மடங்கை இந்த ஒரு பெட்டி தனியாக எடுத்துக்கொள்கிறது.

மொத்தம் 900 வாட்-மணி. ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால்தான் மின்வாரியத்தின் ஒரு யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாளொன்றுக்குப் பார்த்தால் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். நாம் இலவசமாகப் பெறுவதில் ஏறக்குறைய பாதியை வைத்து, படகில் இரண்டு பேர் விளக்கு, விசிறி, கணினி, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றோடும் ஒரு நாளைக் கழித்துவிடுகிறார்கள்.

பாய் விரித்து ஓடத் தொடங்கினால் தேவை கூடும். திசைகாட்டும் கருவிகளும் வானொலியும் இரவும் பகலும் இயங்க வேண்டும். சுக்கானைப் பிடிக்கும் தானியங்கிக் கருவி மட்டுமே நாளுக்கு 800 வாட்-மணிக்கு மேல் கேட்கும். இந்த ஒன்றுக்கு மின்சாரமே வேண்டாத மாற்று உண்டு. படகின் பின்புறத்தில் பொருத்தும் காற்றுத் தகடு, காற்றின் திசை மாறினால் தானும் சாய்ந்து, நீரோட்டத்தின் விசையைக் கொண்டே சுக்கானைத் திருப்பும். கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, 1968ஆம் ஆண்டின் தொழில்நுட்பத்தை மட்டுமே அனுமதிக்கும் கோல்டன் குளோப் பந்தயத்தில், இத்தகைய காற்றுத் தகட்டை நம்பித்தான் தனியாக உலகைச் சுற்றினார். 236 நாள் பயணத்துக்குப் பிறகு, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராகப் பிரான்சில் கரைசேர்ந்தார். மின்சாரம் செய்யும் வேலையைக் காற்றும் நீரும் செய்ய முடிந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது படகுக்காரர்களின் முதல் பாடம்.

வெளிச்சம் மலிவு, வெப்பம் விலை அதிகம்

குளிர்பதனப் பெட்டி மட்டும் ஏன் இவ்வளவு விழுங்குகிறது? காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 81 வாட்-மணி வேண்டும். அதே அளவு மின்சாரத்தில் நம் 3 வாட் விளக்கு 27 மணி நேரம் எரியும். நான்கைந்து குவளைத் தேநீருக்கு மேல் தேறாத தண்ணீரும், ஒரு பகலும் இரவும் தாண்டி எரியும் விளக்கும் சமம். வெளிச்சம், தகவல், ஒலி ஆகியவற்றுக்கு ஆகும் ஆற்றலைக் கடந்த சில பத்தாண்டுகளில் பொறியியல் வெகுவாகக் குறைத்துவிட்டது. தண்ணீரின் வெப்பக் கொள்ளளவை யாராலும் குறைக்க முடியாது.

குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே கசிந்து வரும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு கசிகிறது என்பது இரண்டைப் பொறுத்தது: உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, சுவரின் வெப்பக்காப்பு. வெளியே 20 டிகிரி உள்ள ஐரோப்பியக் கோடையில், 4 டிகிரிப் பெட்டிக்கு வேறுபாடு 16. கொச்சியில் படகின் உட்புறம் 32 டிகிரி என்றால் வேறுபாடு 28. வெப்பக் கசிவு ஒன்றே முக்கால் மடங்காகிறது. அந்த வெப்பத்தைச் சூடான காற்றில் கொட்டுவதற்குக் கம்ப்ரசரும் அதிகம் உழைக்க வேண்டும். அதே பெட்டி, அதே பால், அதே காய்கறி, ஆனால் மின்செலவு இரண்டு மடங்கை நெருங்கிவிடும்.

இதற்குப் படகு கட்டுபவர்கள் செய்வது எளிய காரியம். பெட்டியின் சுவரில் நுரைக் காப்பின் கனத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். கசிவு ஏறக்குறையப் பாதியாகிறது. கதவை முன்பக்கம் வைக்காமல் மேல்பக்கம் மூடியாக வைக்கிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது. மேல்மூடியைத் திறந்தால் அது பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். முன்கதவைத் திறந்தால் கால்மாட்டில் கொட்டிப் போய்விடும். பத்து சென்டிமீட்டர் நுரை செய்கிற வேலைக்கு ஈடாக இன்னொரு சூரியப் பலகையும் இன்னொரு பேட்டரியும் வேண்டியிருக்கும். நுரையில் பழுதாகும் பாகம் இல்லை, எடையும் மிகக் குறைவு.

தோப்பும்படியின் பேட்டரி

தூத்தூர் மீனவர்களின் தங்குகடல் தொழில் நாள் கணக்கில், வாரக் கணக்கில் நடப்பது. சூரையும் சுறாவும் தேடி அரபிக்கடலின் ஆழத்துக்குப் போகும் அந்தப் படகுகளில் ஆட்கள் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். படகு கரை திரும்பும்வரை பிடித்த மீன் கெடக்கூடாது. இத்தனைக்கும் பெரும்பாலான படகுகள் நம்புவது கரையில் ஏற்றிக்கொள்ளும் ஐஸைத்தான். துறைமுகத்தில் ஐஸ் பார்களை அரைத்து, டன் கணக்கில் படகின் அடியறையில் நிரப்புகிறார்கள்.

இந்தக் காட்சியை இயற்பியல் கண்ணோடு பார்த்தால் வியப்பு தட்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தாண்டாமலே இவ்வளவும் நடக்கிறது. ஒரு டன்னுக்குக் கணக்கிட்டால் 93 யூனிட் வெப்பம். அந்த ஒரு டன்னை உறையவைக்கக் கரையிலுள்ள ஐஸ் ஆலை 50 முதல் 70 யூனிட் வரை மின்சாரம் செலவழித்திருக்கும். எனவே அடியறையில் கொட்டப்படுவது கரையில் வாங்கிக் குளிராக மாற்றிச் சேமித்த மின்சாரம். எடைக்கு எடை பார்த்தால் அது செய்கிற வேலை சாதாரணமானதல்ல. 50 யூனிட் கொள்ளும் ஒரு படகு பேட்டரித் தொகுதி 700 கிலோ எடை இருக்கும், விலையோ லட்சங்களில். ஒரு டன் ஐஸை எந்தப் படகுக்காரரும் வாங்கலாம், உப்புக் காற்று அதைக் கெடுக்காது, மின்கசிவு பயம் கிடையாது. உருகி முடிந்தால் தீர்ந்தது என்பது ஒன்றே குறை.

மற்ற தேவைகளுக்கு அந்தப் படகுகளில் எஞ்சினோடு இணைந்த ஆல்டர்னேட்டர் இருக்கிறது. எஞ்சின் எப்படியும் ஓடப்போகிறது. கூடவே விளக்குக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் மீன் காட்டும் கருவிக்கும் வானொலிக்கும் மின்சாரம் வந்துவிடுகிறது. பாய்மரப் படகுக்கு இந்த வசதி கிடையாது. பேட்டரிக்காக மட்டும் எஞ்சினை ஓடவிட்டால் ஒரு லிட்டர் டீசலுக்கு அரை யூனிட் மின்சாரம் தேறுவதே கடினம். அந்த ஒரு லிட்டருக்குள் இருக்கும் வெப்ப ஆற்றலோ சுமார் 10 யூனிட். இருபதில் பத்தொன்பது பங்கு புகையும் சூடுமாகப் போய்விடுகிறது.

சோறு வேகும் இடம்

சமையலைக் கணக்கில் சேர்க்காமலே 900 வாட்-மணி ஆகிவிட்டது. சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால்தான் பெரும்பாலான சிறு படகுகள் இன்றும் எரிவாயுவில் சமைக்கின்றன. ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் கிட்டத்தட்ட 13 யூனிட் ஆற்றல் இருக்கிறது. கையில் தூக்கிப் போகும் 5 கிலோ சிலிண்டருக்குள் 60 யூனிட்டுக்கு மேல். அடுப்பில் பாதி வீணானாலும் வாரக்கணக்கில் சமையல் ஓடும்.

ஆனால் படகில் எல்.பி.ஜி. அபாயமானது. அது காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவிடுக்கு வழியாகவாவது வெளியேற வாய்ப்புண்டு. படகின் அடிப்பகுதி மூடிய தொட்டி. அங்கே இறங்கித் தேங்கிய வாயுவுக்கு ஒரு பொறி போதும். எனவே சிலிண்டரை உட்புறத்தோடு தொடர்பில்லாத தனி அறையில் வைத்து, அந்த அறையின் அடியிலிருந்து கடலுக்கு வடிகுழாய் விடுகிறார்கள். லித்தியம் பேட்டரிகள் வந்தபின் பலர் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறியதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

எந்த அடுப்பானாலும் ஆற்றலை மிச்சப்படுத்தும் வழி ஒன்று கேரளத்திலேயே வீடுவீடாகப் பரவியிருக்கிறது. 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், புகையில்லாப் பரிஷத் அடுப்போடு சேர்த்துச் சூடாறாப்பெட்டியையும் மக்களிடம் கொண்டுசென்றது. அரிசியைப் பானையில் சில நிமிடம் கொதிக்கவைத்து, அப்படியே மூடி, வெப்பம் வெளியேறாத பெட்டிக்குள் இறக்கிவைத்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும். கெட்டியான மட்டை அரிசியும் இதில் நன்றாக வேகும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு எண் போதும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 81 வாட்-மணி. கொதிக்கும் அதே லிட்டரை ஆவியாக்கித் தீர்க்க 627 வாட்-மணி. திறந்த பானையில் தளதளவென்று கொதிப்பதைப் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அரிசி வேகத் தேவைப்படுவது கொதிப்பின் ஆரவாரம் இல்லை, தொடர்ந்த சூடு மட்டுமே. ஆவியாகப் போவதெல்லாம் நஷ்டம். இத்தகைய காப்புப் பாத்திரம் இருந்தால் படகில் சோறாக்கும் மின்செலவு வெகுவாகக் குறையும், அறைக்குள் புழுக்கமும் ஏறாது. குளிர்பதனப் பெட்டிக்குச் சொன்ன அதே விதி இங்கேயும் பொருந்துகிறது: வெப்பத்தை உண்டாக்குவதைவிட அதைத் தப்பவிடாமல் காப்பது மலிவு.

சேமிப்பின் வேதியியல்

மின்வெட்டுக்காக நம் வீடுகளில் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஈய-அமில வகையான அதில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம். அதற்குமேல் வடித்தால் ஆயுள் வேகமாகக் குறையும். பாதி என்பது 900. நம் படகின் ஒரு நாள் தேவையும் அதுதான். எடை மட்டும் 50 கிலோவுக்கு மேல்.

ஈய பேட்டரிக்கு இன்னொரு குணம் உண்டு. கூட்டம் நிரம்பிய பேருந்தில் கடைசிப் பத்துப் பேர் ஏறுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். அதேபோல் 80 சதவீதம் வரை விறுவிறுவென்று ஏறும் சார்ஜ், கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் இழுக்கும். பொறுமையிழந்து அரைகுறையாக விட்டுவிட்டால் தகடுகளில் படியும் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாக மாறி, கொள்ளளவையே தின்றுவிடும். எஞ்சினை ஓட்டி இந்தக் கடைசி 20 சதவீதத்தை நிரப்புவது டீசலை வீணடிப்பது. மெல்ல மெல்ல, நாள் முழுக்க வரும் சூரிய மின்சாரம் இதற்குப் பொருத்தம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்தபின் நிலைமை மாறியது. 100 ஆம்பியர்-மணி கொண்டது 12 கிலோ அளவுதான். அதில் 80 சதவீதத்துக்கு மேல் தைரியமாக எடுக்கலாம், கொடுத்த மின்னோட்டத்தை ஏறக்குறைய முழுதாக நிரம்பும்வரை தயங்காமல் வாங்கிக்கொள்ளும். அந்த ஆவலே ஆல்டர்னேட்டருக்கு ஆபத்து: ஓய்வில்லாமல் முழுவீச்சில் உழைத்து அது கருகிவிடக்கூடும். அதனால் இடையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி அவசியம்.

மட்டாஞ்சேரிக்கு வரும் வாட்டர் மெட்ரோவில் இருப்பது மூன்றாவது வகை, லித்தியம் டைட்டனேட். கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய இந்தப் படகுகள் 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கின. நூறு பேர் ஏறும் படகில் 122 யூனிட் கொள்ளளவு. டைட்டனேட் பேட்டரி, பாஸ்பேட்டைவிடக் கனம், விலையும் அதிகம். ஆனால் கால் மணி நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், ஆயிரக்கணக்கான முறை அப்படி ஏற்றி இறக்கினாலும் சோராது. ஒவ்வொரு துறையிலும் சில நிமிடங்களே நிற்கும் படகுக்கு வேகமான சார்ஜே முக்கியம். நாள் கணக்கில் நங்கூரமிட்டு நிற்கும் பாய்மரப் படகுக்கு அந்த வேகம் தேவையில்லை. எந்தப் பேட்டரி சிறந்தது என்ற கேள்விக்குப் பதில் பேட்டரியில் இல்லை, அந்தப் படகு எப்படி வாழ்கிறது என்பதில் இருக்கிறது.

எந்த வகையானாலும் நல்ல படகில் பேட்டரிகள் இரண்டு தொகுதியாகப் பிரிந்திருக்கும். ஒன்று வீட்டுத் தேவைகளுக்கு. மற்றொன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மட்டும். அதில் விளக்கோ விசிறியோ இணைக்கக்கூடாது. வானொலிக்கும் அபாய அழைப்புக்கும் வேண்டிய கையிருப்பும் அப்படியே தொடாமல் இருக்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலிலிருந்த தூத்தூர்ப் பகுதிப் படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. கரையின் வானொலி எல்லைக்கு வெளியே அவை இருந்தன. அந்த இழப்பு இன்றும் அந்தக் கிராமங்களில் ஆறவில்லை. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில் இயங்கும் செயற்கைக்கோள் தகவல் கருவியை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அந்தக் கருவி எடுப்பது சொற்ப மின்சாரம். ஆனால் நாள் முழுக்கச் செலவழிக்கும் மின்சாரத்திலேயே ஓர் உயிரைக் காக்கும் மதிப்புள்ளது அந்தச் சொற்பம்தான்.

வெயிலும் இடவப்பாதியும்

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் ஆயிரம் வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. இன்றைய சூரியப் பலகை அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். ஒன்றரைச் சதுர மீட்டரில் 300 வாட் பலகை வைத்தால், தெளிந்த நாளில் எல்லா இழப்பும் போக 900 வாட்-மணியைத் தொட்டுவிடலாம்.

இதில் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, சூடு. சூரியப் பலகைக்கு வெளிச்சம் வேண்டும், வெப்பம் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். கொச்சி வெயிலில் பலகை 60 டிகிரியைத் தொட்டால் இழப்பு 14 சதவீதம். கூரையோடு ஒட்டாமல் அடியில் காற்றோட இடைவெளி விடுவதன் காரணம் இதுவே. மற்றொன்று, நிழல். பலகையின் செல்கள் தொடராக இணைந்தவை. ஒரு செல்மேல் பாய்மரத்தின் கயிற்று நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் மின்னோட்டமும் இறங்கிவிடும். படகில் பலகைக்கு இடம் தேடுவது நிழலுக்குத் தப்பும் இடத்தைத் தேடுவதுதான்.

இடவப்பாதி என்று கேரளத்தில் சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் எல்லாக் கணக்கும் மாறும். நாள் கணக்கில் வானம் மூடிக்கிடக்கும்போது உற்பத்தி மூன்றில் ஒரு பங்காகக்கூடச் சரியும். அந்த நாட்களில் கரையோரத்து மின்இணைப்பு அல்லது எஞ்சின்தான் கை கொடுக்கும். சராசரி வெயிலை வைத்துத் திட்டமிடுபவர் மழைக்காலத்தில் இருட்டில் உட்கார நேரும். மோசமான வாரத்தை வைத்துத் திட்டமிடுபவர் தப்பிப்பார்.

கம்பிக்குள் காணாமல் போவது

வீட்டில் 1,000 வாட் சாதனம் 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கும் குறைவாக எடுக்கும். 12 வோல்ட் படகில் அதே சாதனத்துக்கு 83 ஆம்பியர் வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடையுள்ள கம்பியில் முதல் நிலையில் இழப்பு ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டாவதில் கிட்டத்தட்ட 70 வாட். அதனால் படகின் பேட்டரிக் கம்பிகள் விரல் பருமனுக்கு இருக்கின்றன. பெரிய படகுகள் 24, 48 வோல்ட்டுக்கு மாறுகின்றன.

பேட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரும் சும்மா இருப்பதில்லை. எதையும் இணைக்காமல் ஆன் செய்து வைத்தாலே 15 வாட் குடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாளில் 360 வாட்-மணி. விளக்கு, விசிறி, போன், கணினி, பம்பு எல்லாவற்றின் கூட்டுத்தொகையையும் மிஞ்சும் இந்தச் செலவு யாருக்கும் பயன்படாமல் போகிறது. எனவே விளக்கையும் விசிறியையும் குளிர்பதனப் பெட்டியையும் நேரடியாக 12 வோல்ட்டிலேயே ஓட்டி, மிக்ஸி சுற்றும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் இன்வெர்ட்டரை உயிர்ப்பிப்பது படகு வழக்கம்.

மேலே உப்புக் காற்று வேறு. தாமிரக் கம்பியின் முனையில் பச்சை பூத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடாகும், சூடானால் தீப்பிடிக்கும். வெள்ளீயம் பூசிய கம்பி கடலில் ஆடம்பரமல்ல. கரை மின்சாரத்தில் இணைந்திருக்கும்போது கசிவு ஏற்பட்டால் சுற்றியுள்ள தண்ணீரிலும் மின்னோட்டம் பரவும். கடல்நீரைவிட நன்னீரில் இது மோசம்: உப்பில்லாத நீரைவிட மனித உடல் நன்றாக மின்சாரம் கடத்தும் என்பதால், நீந்துபவரின் உடல் வழியாகவே அது பாயும். மழைக்காலத்தில் வேம்பநாட்டுக் காயல் பெருமளவு நன்னீராகிவிடுகிறது. மின்இணைப்பில் இருக்கும் படகுகளுக்கு நடுவே குளிக்க இறங்கக்கூடாது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

வைக்கத்தில் ஒரு விடை

கெட்டுவள்ளத்தின் ஒரு படுக்கையறை ஏசி மணிக்கு ஒரு யூனிட் எடுப்பதாக வைத்தால், எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 8 யூனிட். நம் பாய்மரப் படகு ஒன்பது நாள் வாழும் மின்சாரம் அது. ஆகவே பல கெட்டுவள்ளங்களில் இரவு முழுக்க டீசல் ஜெனரேட்டர் ஓடுகிறது; ஏசி இரவில் மட்டும்தான் என்று முன்பே சொல்லிவிடுகிறார்கள். ஓலையும் மூங்கிலும் வேய்ந்த அந்தக் கூரை முதலில் வெப்பத்தைத் தடுக்கவே உருவானது. அறையைக் கண்ணாடியால் அடைத்துவிட்டுப் பிறகு குளிரவைக்கும்போது, அந்தப் பழைய அறிவு வீணாகிறது.

இதற்கு நேர்மாறான வழியைப் பெரியார் போராடச் சென்ற வைக்கத்தில் பார்க்கலாம். 2017 ஜனவரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய 'ஆதித்யா', 75 பேர் ஏறும் சூரியப் படகு. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைக்காகக் கொச்சியின் நவ்ஆல்ட் நிறுவனம் கட்டியது. கூரையில் 20 கிலோவாட் பலகைகள், உள்ளே 50 யூனிட் பேட்டரி, 20 கிலோவாட் மோட்டார்கள் இரண்டு. இவ்வளவு சிறிய மோட்டார்கள் போதுமானதன் ரகசியம் கூரையில் இல்லை, நீருக்கடியில் இருக்கிறது. ஒற்றை அகலமான அடிப்பகுதிக்குப் பதில் ஒல்லியான இரண்டு. மரத்துக்கும் எஃகுக்கும் பதில் எடை குறைந்த கண்ணாடியிழை. நீரைக் குறைவாகத் தள்ளினால் ஆற்றலும் குறைவாகப் போதும். தேவையை முதலில் சுருக்கினார்கள். அதன் பிறகு, கூரைமேல் விழும் வெயில் அந்தச் சுருங்கிய தேவையின் பெரும்பகுதிக்கு ஈடுகொடுத்தது. பழைய டீசல் படகின் கூரைமேல் இதே பலகைகளை அடுக்கியிருந்தால் இது நடந்திருக்காது.

குளிர்பதனப் பெட்டியின் நுரை, சோற்றின் சூடாறாப்பெட்டி, அபிலாஷின் காற்றுத் தகடு, ஆதித்யாவின் ஒல்லியான அடிப்பகுதி எல்லாம் ஒரே வரிசையில் வருபவை. முதலில் தேவையைக் குறை, பிறகு கசிவை அடை, அதன்பின் சேமி, கடைசியாக உற்பத்தி செய். நிலத்தில் நாம் இந்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுகிறோம். வெப்பத்தைத் தடுக்காத கான்கிரீட் கூரையைப் போட்டு, ஏசி வாங்கி, பில் ஏறியதும் சூரியப் பலகையைப் பற்றி யோசிக்கிறோம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்குப் பிறகு கூரைப் பலகைகள் வேகமாகப் பெருகுகின்றன. பலகை நண்பகலில் தருகிறது; வீடோ இரவு ஏழு மணிக்கு மேல்தான் கேட்கிறது. பேட்டரியும் வைத்துவிட்டால் நம் வீடும் படகின் விதிகளுக்கு உட்பட்டதாகிவிடும். தொடங்குவதற்கு ஒரு காகிதமும் பேனாவும் போதும். உங்கள் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். அதை 365ஆல் வகுத்துப் பாருங்கள். 200 என்றிருந்தால் நாளுக்கு 550 வாட்-மணி, நாம் பார்த்த படகுப் பெட்டிக்கு ஏறக்குறைய இணை. 400 என்றிருந்தால் அதன் ரப்பர் விளிம்பையும், பின்புறம் காற்றோட இடமிருக்கிறதா என்பதையும் இன்றே பார்க்கலாம். பிறகு ஏசி, பிறகு வாட்டர் ஹீட்டர், பிறகு இரவெல்லாம் சிவப்பு விளக்கு எரியும் சாதனங்கள். படகில் வாழ்பவர்கள் இந்தக் கணக்கை வேறு வழியில்லாமல் கற்றார்கள்; நமக்கு வழியிருக்கும்போதே கற்பது நல்லது.